சக்கரத்துக்குத் தெரிந்தது எடை மட்டுமே: விமானம் தரையிலா, வானிலா என்று கண்டறிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை, தாம் நிற்பது தரையிலா பறப்பது வானிலா என்பதை லேண்டிங் கியரில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் கால்களில், பொருத்திய சில சென்சார்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. பொறியாளர்கள் இந்த ஏற்பாட்டை 'வெயிட் ஆன் வீல்ஸ்' என்பார்கள். பழைய ஆட்களுக்கு இது 'ஸ்குவாட் சுவிட்ச்'. விமான ஆர்வலர்களும், விமானத் தரவுகளோடு புதிதாக வேலை செய்யத் தொடங்கியவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

வேகமும் உயரமும் தெரிந்த விமானத்துக்குப் பறப்பது மட்டும் தெரியாதா? எதற்குத் தனியாக ஒரு சென்சார்?

வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓடுபாதையில் 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் ஓடும் விமானம் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அதே 140 நாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் வானில் இருக்கிறது. காற்றழுத்த உயரமானி கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. லே விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தில் அது பத்தாயிரம் அடிக்கு மேல் காட்டும். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் தரையே கடல் மட்டத்துக்குக் கீழே. ரேடியோ உயரமானி அலையைத் தரையில் பட்டுத் திரும்ப வைத்து அளப்பதால் இந்த மூன்றில் அதுவே மேல். ஆனால் கடைசி இரண்டு மூன்று அடியில், அதுவும் மூக்கைத் தூக்கியபடி இறங்கும்போது, 'தொட்டுவிட்டோமா' என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

விமானத்தின் எடையை யார் தாங்குகிறார்கள் என்று பார்ப்பது இதைவிடச் சுலபம். சக்கரம் தாங்கினால் தரை, இறக்கை தாங்கினால் வானம். இந்த எளிய யோசனை பெரும்பாலான நேரம் சரியாக இருக்கிறது. கீழே வரும் விபத்துகள், அது சரியாக இல்லாத சில நொடிகளைப் பற்றியவை.

அந்த எடையை எப்படி அறிகிறார்கள்?

லேண்டிங் கியரின் கால், பைக்கின் முன் ஃபோர்க்கைப் போல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். உள்ளே ஹைட்ராலிக் எண்ணெயும் அழுத்திய நைட்ரஜனும் இருக்கும். விமானம் மேலெழும்பியதும் நைட்ரஜன் தள்ளுவதால் கால் முழுதாக நீளும். தரையைத் தொட்டு எடை ஏறியதும் அமுங்கும். உள்குழாய் சுழலாமல் இருக்க, முழங்கை போல மடங்கும் ஒரு இணைப்பு காலின் பக்கத்தில் இருக்கிறது. கால் நீளும்போது அது விரியும், அமுங்கும்போது மடங்கும். சென்சார் பார்ப்பது பெரும்பாலும் இந்த அசைவைத்தான்.

அதாவது சென்சார் எடையைக்கூட நேராக அளப்பதில்லை; கால் எவ்வளவு அமுங்கியது என்பதைத்தான் பார்க்கிறது. அமுக்கத்திலிருந்து எடையை ஊகிக்கிறோம், எடையிலிருந்து பறத்தலை ஊகிக்கிறோம். ஊகத்தின் மேல் ஊகம். காலில் நைட்ரஜன் அதிகமாக நிரப்பியிருந்தால், லேசான விமானம் மெதுவாக இறங்கும்போது கால் போதுமான அளவு அமுங்காமல் போகலாம். நைட்ரஜன் கசிந்திருந்தாலோ உராய்வில் கால் சிக்கிக்கொண்டாலோ, மேலே போன பிறகும் அது முழுதாக நீளாமல் 'தரை' என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சுவிட்சா, சென்சாரா?

பழைய விமானங்களில் நிஜமான மைக்ரோ சுவிட்ச். நீரும் சேறும் பனியும் அடிக்கிற இடத்தில் அதை வைத்துவிட்டு அது பழுதாகக் கூடாது என்று எதிர்பார்த்தால் எப்படி? இன்றைய விமானங்களில் பிராக்ஸிமிட்டி சென்சார். ஒரு கம்பிச்சுருள், அதற்கெதிரே ஓர் உலோகத் துண்டு. உலோகம் சில மில்லிமீட்டர் நெருக்கத்துக்கு வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும்; தனியாக இருக்கும் ஒரு மின்னணுப் பெட்டி அதைப் படித்து 'அருகில்', 'தொலைவில்' என்று சொல்லும். தொடுகை இல்லாததால் தேய்மானம் இல்லை. வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ அந்தப் பெட்டியால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். பழைய சுவிட்சில் இதற்கு வழியில்லை: அறுந்த வயரும் திறந்த சுவிட்சும் அதற்கு ஒன்றுதான்.

ஒரு விமானத்தில் இப்படி எத்தனை இருக்கும்?

போயிங் 737 நெக்ஸ்ட் ஜெனரேஷனில் ஆறு. ஒவ்வொரு கியர் காலிலும் இரண்டு. ஏர்பஸ் ஏ320இல் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தனித்தனி சென்சார் தொகுதிகளோடு ஒரே வேலையைச் செய்கின்றன. கியரை மடக்கி விரிப்பதை ஒரு முறை ஒன்றும் மறுமுறை மற்றதும் கவனித்துக்கொள்ளும்.

இந்தத் தகவல் யாருக்கெல்லாம் தேவை?

ஏறக்குறைய எல்லாருக்கும். இறக்கை மேல் நிமிர்ந்து தூக்குவிசையைக் கொல்லும் ஸ்பாய்லர்கள், எஞ்சின் காற்றை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸர்கள், சக்கரம் சுழலத் தொடங்கும் முன் பிரேக் பிடிக்காமல் காக்கும் அமைப்பு, கேபின் காற்றழுத்தம், முன்சக்கர ஸ்டீயரிங், இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கை, தூக்குவிசையைக் கூட்ட இறக்கையிலிருந்து இறக்கும் ஃப்ளாப் தகடு தவறான நிலையில் இருக்கப் புறப்பட்டால் அலறும் எச்சரிக்கை, மூக்கில் உள்ள காற்று அளவிகளின் சூடேற்றி, கறுப்புப் பெட்டியின் குரல் பதிவை அழிக்கும் பொத்தான் என்று பட்டியல் நீளும். விமானத்தின் பறந்த மணிக்கணக்கும் தரையிறக்க எண்ணிக்கையும், அதாவது அதன் பராமரிப்பு அட்டவணையே, பல இடங்களில் இந்தச் சிக்னலிலிருந்துதான் வருகிறது.

தரையில் நிற்கும்போது கியர் லிவரை 'மேலே' தள்ள முடியாமல் பூட்டி வைப்பதும் இதுவே. அந்தப் பூட்டை மீற ஒரு வழியும் வைத்திருப்பார்கள். 2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஒரு போயிங் 787இல் பராமரிப்புச் சோதனைக்காக லிவரை மேலே போட்டார்கள். முன்கால் மடங்காமல் தடுக்க வேண்டிய பாதுகாப்பு ஊசியைப் பக்கத்திலிருந்த வேறு துளையில் செருகியிருந்ததால் விமானம் மூக்கு குப்புற விழுந்தது. அதில் சென்சார் மேல் குற்றமில்லை.

தரையைத் தொட்ட பிறகும் விமானம் 'வானில்தான் இருக்கிறேன்' என்று நினைக்குமா?

நினைத்திருக்கிறது. 1993 செப்டம்பர் 14, வார்சா. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து 70 பேரோடு வந்த லுஃப்தான்சா 2904, ஒரு ஏர்பஸ் ஏ320. மழை, ஓடுபாதை முழுக்க ஈரம். காற்று திடீரென மாறக்கூடும் என்று எச்சரிக்கை வந்ததால் பைலட்கள் வேகத்தைக் கூட்டி, பக்கக்காற்றுக்காக விமானத்தைச் சற்றுச் சாய்த்து இறக்கினார்கள். நடைமுறைப் புத்தகம் சொன்னபடிதான் செய்தார்கள். ஆனால் அதற்குள் காற்று பின்காற்றாகியிருந்தது. 2,800 மீட்டர் ஓடுபாதையில் வலக்கால் 770ஆவது மீட்டரில் தொட்டது. இடக்கால் தொட்டது ஏறக்குறைய ஒன்பது நொடிக்குப் பிறகு, 1,525ஆவது மீட்டரில்.

அந்த ஒன்பது நொடி விமானத்தின் கணக்கில் என்னவாக இருந்தது என்பதுதான் விஷயம். ஸ்பாய்லர் நிமிர வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: இரு பிரதான கால்களிலும் தலா 6.3 டன் எடை விழ வேண்டும், இல்லையென்றால் சக்கரங்கள் 72 நாட்டுக்கு மேல் சுழல வேண்டும். ரிவர்ஸருக்கு முதல் நிபந்தனை கட்டாயம். இடக்கால் காற்றில் தொங்கியதால் முதல் நிபந்தனை நிறைவேறவில்லை. வலப்பக்கச் சக்கரங்கள் தண்ணீர்ப் படலத்தின் மேல் வழுக்கியதால் இரண்டாவதும் நிறைவேறவில்லை. பைலட் ரிவர்ஸரை இழுக்கிறார், எதுவும் நடக்கவில்லை. இடக்கால் தொட்ட பிறகு ஸ்பாய்லர் நிமிர்ந்தது. சக்கர பிரேக் அதற்கும் சில நொடி கழித்தே பிடித்தது. மீதியிருந்த ஓடுபாதை போதவில்லை. விமானம் அதன் முடிவைத் தாண்டி மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. ஒரு பைலட்டும் ஒரு பயணியும் இறந்தார்கள்.

போலந்து விசாரணை அறிக்கை முதன்மையாகப் பைலட்களின் முடிவுகளைச் சுட்டியது. காற்று குறித்த புதிய தகவல் கோபுரத்திடம் இல்லாததையும், பிரேக் வழிகளைப் பயன்படுத்த விடாமல் தடுத்த விமான வடிவமைப்பையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. என் பார்வையில் இந்த விபத்தில் மிகவும் கசப்பானது, சென்சார் எதுவும் பழுதாகவில்லை என்பது. மென்பொருளும் எழுதியபடியே இயங்கியது. 'இரண்டு காலும் அமுங்கினால்தான் தரை' என்று ஒரு மேசையில் எழுதிய வரி, சாய்ந்து இறங்கும் விமானத்தை நினைத்துப் பார்க்கவில்லை. இன்றைய ஏ320இல் ஒரு கால் மட்டும் அமுங்கியிருந்து ரிவர்ஸரும் கேட்கப்பட்டால் ஸ்பாய்லர்கள் ஓரளவுக்காவது நிமிரும்.

அப்படியானால் பைலட் இழுத்தால் ரிவர்ஸர் திறக்க வேண்டியதுதானே? எதற்குக் கணினியிடம் அனுமதி?

1991 மே 26 அன்று பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லாடா ஏர் போயிங் 767இல், மேலேறிக்கொண்டிருந்தபோதே இடது எஞ்சினின் ரிவர்ஸர் தானாகத் திறந்துகொண்டது. 223 பேரும் இறந்தார்கள். எந்தக் கோளாறு அதைத் திறந்தது என்று உறுதியாக நிறுவ முடியவில்லை. அதற்குப் பிறகு ரிவர்ஸர்களில் கூடுதலாக ஒரு பூட்டு வந்தது.

ஆக, திறக்கக் கூடாத நேரத்தில் திறந்தால் ஒரு வகை மரணம். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் இன்னொரு வகை. வடிவமைப்பாளர் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டும். கூடுதல் பூட்டு எப்போதுமே கூடுதல் பாதுகாப்பு என்பதும் இல்லை. 2010 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் இறங்கிய ஒரு போயிங் 757, தொட்ட கணத்தில் சற்றே எகிறியது. சிக்னல் ஒரு நொடிப்பொழுது 'வானம்' என்று மாறியது. சரியாக அந்தக் கணத்தில்தான் ரிவர்ஸர் இழுக்கப்பட்டது, பூட்டு சிக்கிக்கொண்டது. தானாக நிமிர வேண்டிய ஸ்பாய்லரும் அன்று வேறொரு கோளாறால் நிமிரவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பனியில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை.

இரண்டு சென்சார்கள் முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இருப்பதாக நினைப்பதுதான் புதியவர்கள் வழுக்கும் இடம். 'எந்தப் பக்கம் தவறினால் சேதம் குறைவு' என்பதை ஒவ்வொரு அமைப்பும் தனியாகக் கேட்டாக வேண்டும். ரிவர்ஸருக்குச் சந்தேகம் வந்தால் 'வானம்' என்று எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்டால் எச்சரிக்கைக்கும் 'வானம்' நல்லது. தரையில் வீணாக அலறினால் எரிச்சல்தான், வானில் வாய் மூடியிருந்தால் உயிர் போகும். புறப்பாட்டு எச்சரிக்கைக்கோ நேர்மாறு: சந்தேகம் என்றால் 'தரை' என்று கொண்டு விழித்திருக்க வேண்டும். எனவே ஒரே சென்சார் தொகுதியிலிருந்து ஓர் அமைப்பு 'இரண்டும் சொன்னால்தான்' என்றும், இன்னொன்று 'ஏதாவது ஒன்று சொன்னால் போதும்' என்றும் எடுத்துக்கொள்ளும். 'விமானம் வானிலா' என்ற ஒற்றை மாறியை நிரலின் நடுவில் வைத்து எல்லாரும் அதையே படிக்கட்டும் என்று எழுதினால், யாரோ ஒருவருக்கு அது தவறான பக்கமாகத்தான் சாயும்.

சென்சாரின் வயரே அறுந்தால்?

2008 செப்டம்பர் 19 இரவு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் கொலம்பியா. ஒரு லியர்ஜெட் 60 புறப்பாட்டு ஓட்டத்தில் இருந்தது. டயர்களில் காற்று குறைவு. வாரக்கணக்கில் யாரும் அளந்து பார்க்கவில்லை. டயர்கள் வெடித்தன. முடிவு வேகத்தை, அதாவது அதற்கு மேல் புறப்பட்டே ஆக வேண்டிய வேகத்தை, தாண்டிய பிறகு பைலட் புறப்பாட்டைக் கைவிட்டு ரிவர்ஸரை இழுத்தார். இதற்கிடையே சிதறிய டயர்த் துண்டுகள் கியரில் இருந்த சென்சார் வயரிங்கைச் சேதப்படுத்தியிருந்தன. விமானம் 'வானில் இருக்கிறேன்' என்று முடிவு கட்டியது. வானில் ரிவர்ஸர் திறந்திருப்பது ஆபத்தாயிற்றே, உடனே மூடிவிட்டது. லிவர் ரிவர்ஸில் இருந்ததால் பைலட் கேட்டது முழு விசை. கிடைத்தது முன்னோக்கிய விசை. நிற்க வேண்டிய விமானம் சாலையைக் கடந்து மண்மேட்டில் மோதியது. ஆறு பேரில் நால்வர் இறந்தார்கள்.

டயர் வெடித்தால் அதன் துண்டுகள் முதலில் அடிக்கிற இடம் எது? கியர். சென்சார் இருக்கிற இடம் எது? அதே கியர். சென்சார்களை ஆறாக்கினாலும் பத்தாக்கினாலும், அத்தனையும் டயருக்குப் பக்கத்தில் ஒரே வயர்க்கட்டில் ஓடினால் அவற்றை ஒரு சென்சாராகத்தான் எண்ண வேண்டும்.

புறப்படும் முன்பே, தரையில் நிற்கும் விமானம் வானில் இருப்பதாக நினைத்த விபத்து உண்டா?

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட் பராஹாஸில் நடந்த ஸ்பான்ஏர் 5022 விபத்தை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும். எம்டி-82 விமானம், 172 பேர். முதல் முறை ஓடுபாதைக்குப் போனபோது வெளி வெப்பநிலை அளவி அதீதச் சூட்டைக் காட்டியதால் திரும்பி வந்தார்கள். அந்த அளவியின் சூடேற்றி வானில் மட்டுமே இயங்க வேண்டியது. அன்று தரையிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகள் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டார்கள். பனி இல்லாத நாளில் சூடேற்றி இல்லாமல் பறக்க விதிப்புத்தகம் அனுமதிக்கிறது. அறிகுறி போய்விட்டது. இரண்டாம் முறை போனபோது பைலட்கள் ஃப்ளாப்பை இறக்க மறந்தார்கள். அதைச் சொல்லி அலற வேண்டிய புறப்பாட்டு எச்சரிக்கை வாய் திறக்கவில்லை. 154 பேர் இறந்தார்கள்.

சூடேற்றிக்கும் அந்த எச்சரிக்கைக்கும் 'தரை, வானம்' செய்தியைக் கொண்டுபோனது ஒரே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). அந்த ரிலே 'வானம்' பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டும் விளங்கிவிடும்: சூடேற்றி எரியும், எச்சரிக்கை தூங்கும். ஆனால் எச்சரிக்கை ஏன் ஒலிக்கவில்லை என்பதற்கு ஸ்பெயின் விசாரணைக் குழு உறுதியான முடிவு சொல்லவில்லை. முதன்மைக் காரணமாகச் சரிபார்ப்புப் பட்டியல் தவறியதையே வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் லான்சரோட்டியில் ஓர் எம்டி-83, தரைக் கட்டுப்பாட்டு ரிலேயின் பிரேக்கர் திறந்திருந்த நிலையில், இதே போல ஃப்ளாப் இல்லாமல் எச்சரிக்கையும் இல்லாமல் கிளம்பி, தள்ளாடி, பிழைத்துத் திரும்பியிருந்தது.

சம்பந்தமில்லாத இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் விசித்திரமாக நடந்துகொண்டால், இரண்டும் பொதுவாக யாரைக் கேட்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இந்தச் சிக்னல்தான்.

பராமரிப்பில் விமானத்தை ஜாக்கி மேல் தூக்கினால் என்ன ஆகும்?

கால்கள் நீளும், ஹேங்கருக்குள்ளேயே விமானம் 'பறக்க'த் தொடங்கும். சூடேற்றிகள் உயிர்பெறலாம், கியர் லிவரின் பூட்டு விலகலாம். அதனால் தூக்கும் முன் குறிப்பிட்ட பிரேக்கர்களை இழுப்பார்கள், அல்லது சென்சாருக்கு முன் ஓர் உலோகத் துண்டை மாட்டி 'தரை' என்றே நம்ப வைப்பார்கள். வேலை முடிந்து அதைக் கழற்ற மறக்காமலிருக்கத்தான் சிவப்பு நாடா.

அகமதாபாத் விபத்தில் இந்தச் சென்சார் பற்றிப் பேசினார்களே?

2025 ஜூன் 12 அன்று ஏர் இந்தியா 171, போயிங் 787-8, புறப்பட்ட சில நொடிகளில் விழுந்து, விமானத்தில் இருந்தவர்களில் 241 பேரும் தரையில் 19 பேரும் இறந்தபோது, சமூக வலைத்தளங்களில் சுற்றிய ஊகங்களில் இதுவும் ஒன்று. 787இல் ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு: தரையில் இருக்கும்போது எஞ்சின் விசை லிவர் ஐடிலில், அதாவது குறைந்தபட்ச நிலையில், இருந்தும் எஞ்சின் அடங்காமல் ஓடினால் எரிபொருளை நிறுத்திவிடும். 2019 ஜனவரியில் ஜப்பானின் இட்டாமியில் இறங்கிய ஏ.என்.ஏ 787 ஒன்றின் இரு எஞ்சின்களும் ஓடுபாதையிலேயே நின்றது இந்த அமைப்பால்தான். 'வானில் இருந்ததைத் தரை என்று எண்ணி அதுவே எஞ்சின்களை நிறுத்தியிருக்குமோ?' என்பது சந்தேகம்.

2025 ஜூலையில் வந்த இந்திய முதற்கட்ட அறிக்கை இதோடு தொடர்புடைய இரண்டு பதிவுகளைத் தருகிறது. உலக நேரம் 08:08:39க்குத் தரை-வான் சென்சார்கள் 'வானம்' என்று மாறின. அது விமானம் தரையை விட்டெழுந்த நேரத்தோடு ஒத்துப்போகிறது. 08:08:42 வாக்கில் வேகம் 180 நாட்டைத் தொட்ட உடனே, இரு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் 'ரன்' நிலையிலிருந்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போயின. அதாவது எரிபொருள் நிற்கும் முன்பே விமானம் தான் பறப்பதை உணர்ந்திருந்தது.

என்னிடம் விமானப் பதிவுத் தரவு இருக்கிறது. கியர் சிக்னலை வைத்துப் புறப்பாட்டையும் தரையிறக்கத்தையும் எப்படிக் குறிப்பது?

முதலில் 0, 1இல் எது தரை, எது வானம் என்று பாருங்கள். வகைக்கு வகை இது தலைகீழாகும். ஆவணத்தை நம்பாமல், நிறுத்துமிடத்தில் எஞ்சின் அணைந்து நிற்கும் பகுதியை எடுத்துச் சரிபார்ப்பதே மேல்.

முன்காலின் சிக்னலைத் தீர்ப்புக்கு எடுக்காதீர்கள். புறப்பாட்டில் மூக்கு முதலில் எழும், பிரதானச் சக்கரங்கள் சில நொடி கழித்தே தரையை விடும். இறங்கும்போது மூக்கு கடைசியில் வரும். மேடுபள்ளத்தில் வேகமாக ஓடும்போது முன்கால் அவ்வப்போது 'வானம்' என்று துள்ளவும் செய்யும். வலது, இடது பிரதானக் கால்கள் தனித்தனியாகக் கிடைத்தால் நான் எழுதுகிற விதி இது: இரண்டும் நீண்ட கணமே புறப்பாடு; ஏதாவது ஒன்று அமுங்கிய கணமே தரையிறக்கம். இரண்டும் சமச்சீராக இல்லையே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பக்கக்காற்றில் விமானமும் சமச்சீராக இறங்குவதில்லை.

அடுத்தது துள்ளல். தொட்டு, எகிறி, மறுபடி தொடுவதை மூன்று நிகழ்வாக எண்ணினால் பராமரிப்புக் கணக்கு நாறிவிடும். புதிய நிலை இரண்டு மூன்று நொடி நீடித்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு நேரத்தை முதல் மாற்றத்துக்கே பின்தள்ளிக் குறிக்க வேண்டும். மறந்தால் எல்லாத் தரையிறக்கமும் மூன்று நொடி தாமதமாகும், ஓடுபாதையில் அது இருநூறு மீட்டர். பின்னால் ஆராய்கிறவருக்காக எகிறலையும் தனியே பதிந்து வையுங்கள். இந்த வடிகட்டல் பதிவை ஆராய்வதற்கு மட்டுமே. பறக்கும் விமானத்தின் ஸ்பாய்லருக்கு மூன்று நொடிக் காத்திருப்பு கட்டுப்படியாகாது.

பிறகு சாட்சி தேடுங்கள். கியர் 'வானம்' என்கிறது, வேகம் பூஜ்யம்: ஜாக்கியில் நிற்கிறது. கியர் 'தரை' என்கிறது, ரேடியோ உயரம் 800 அடி: சென்சாரோ வயரோ போய்விட்டது. தொட்டதாகச் சொல்லும் கணத்துக்கு அருகில் செங்குத்து முடுக்கத்தில் ஒரு முள் தெரிந்தால் நம்பலாம். முள்ளே இல்லையென்றால் பைலட் பட்டுப்போல இறக்கியிருக்கிறார், அல்லது உங்கள் நேர வரிசை நகர்ந்திருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும்.

கடைசியாக, பழைய 'தொட்டது' குறியைத் துடைக்காமல் வைத்திருக்காதீர்கள். நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பர் 3 அன்று தொலைந்ததற்கு விசாரணைக் குழு சொன்ன மிகச் சாத்தியமான காரணம் இதுதான். தரைக்கு மேல் சுமார் 1,500 மீட்டரில் கால்கள் விரியும்போது ஏற்பட்ட அதிர்வைக் கால் சென்சார்கள் 'தரை' என்று கணநேரம் காட்டின. மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்தில், இனிமேல் கால் சென்சாரைக் கேட்கலாம் என்ற கட்டம் வந்தது. கேட்டதும் பழைய பதில் தயாராக இருந்தது. இறங்கு எஞ்சின்கள் அணைந்தன.

விமானங்களைக் காட்டும் இணைய வரைபடத்தில் ஓடுபாதையில் நிற்கும் விமானம் பறப்பதாகத் தெரிகிறதே?

விமானம் தன் இருப்பிடத்தை அனுப்பும்போது தரையில் ஒரு வகைச் செய்தியும் வானில் வேறு வகைச் செய்தியும் அனுப்புகிறது. எதை அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் இதே கியர் சிக்னல்தான் தீர்மானிக்கிறது. அது பிசகினால் வரைபடமும் பிசகும். தரைக்கருகே சிக்னல் கிடைக்காமல், வரைபடம் கடைசி நிலையையே காட்டிக்கொண்டிருப்பதும் சகஜம்.

சிறிய விமானம், டிரோன் ஆகியவற்றில்?

சக்கரம் மடங்காத சிறிய பயிற்சி விமானங்கள் பலவற்றில் இந்தச் சென்சாரே இல்லை. மடக்கினால் ஆபத்து என்று பூட்ட வேண்டிய கியரும் இல்லை. மடக்கும் கியர் உள்ள சிலவற்றில் ஒற்றை ஸ்குவாட் சுவிட்ச், அவ்வளவுதான். அதை நம்பி, தரையில் ஓடும்போதே லிவரை மேலே போட்டு, 'சக்கரம் எழுந்ததும் தானே மடங்கும்' என்று வித்தை காட்டுகிறவர்கள் உண்டு. ஒரு மேட்டில் விமானம் துள்ளினால் போதும், பில்லைப் பார்த்து அழ வேண்டியதுதான்.

நான்கு விசிறி டிரோன்களில் பெரும்பாலும் கால் சென்சார் கிடையாது. மோட்டார் விசை குறைவாக இருந்தும் கீழே இறங்கவில்லை, முடுக்கமும் அசைவில்லாமல் இருக்கிறது என்றால் தரையில்தான் இருக்க வேண்டும் என்று பறப்புக் கணினி ஊகிக்கிறது. ஆர்டுபைலட் மென்பொருளில் கால் சென்சாரை இணைக்கத் தனி இணைப்பு முனை (பின்) ஒதுக்க முடியும். பெரிய டிரோன் கட்டுகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம், ஊகத்துக்குத் துணையாக.

பயணியாக உட்கார்ந்திருக்கும் எனக்கு இது எப்போது வேலை செய்கிறது என்று தெரியுமா?

இறக்கைக்குப் பின்வரிசை ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தெரியும். சக்கரம் தொட்ட அடுத்த கணமே இறக்கையின் மேல்பக்கத் தகடுகள் மொத்தமாக நிமிரும். எஞ்சின் இரைச்சல் அதற்குப் பிறகுதான் ஏறும். தகடுகள் நிமிர்ந்தால், சென்சார்களின் பேச்சை விமானம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.